சிரம்பான் தோட்டத்தில் வளர்ந்த வெளியுறவு அமைச்சர்

ஜொகூர் பாலத்தைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்குக் கடப்பிதழ் காட்டுவது பழகிப்போன ஒன்று. 1967க்கு முன்னால் பாலத்தில் அந்தச் சோதனை கிடையாது. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, அந்தப் பிரிவை விரும்பாத ஒரு தமிழரிடம்தான் புதிய நாட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவர் எஸ். ராஜரத்தினம்.

1915 பிப்ரவரி 25ஆம் நாள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயா வந்தவர். தந்தை சின்னத்தம்பி ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். பால்மரமும் லயமும் அவர் கண் முன்னால் இருந்தவை. சிரம்பான், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று படித்து, 1935இல் சட்டம் படிக்க லண்டன் போனார். போர் வந்தது, பட்டம் வரவில்லை. எழுத்தாளராகவும் பத்திரிகையாளராகவும் ஆனார். ஹங்கேரி நாட்டுப் பெண்ணான பிரோஸ்காவை மணந்து சிங்கப்பூர் திரும்பியவர், 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1959இல் கலாச்சார அமைச்சர்.

1965 ஆகஸ்ட் 7, கோலாலம்பூர். பிரிவினை ஒப்பந்தத்தை அவர் முன்னால் வைத்தார்கள். அவரும் தோ சின் சாயும் கையெழுத்திட மறுத்தார்கள். சிரம்பானில் வளர்ந்த மனிதருக்குத் தீபகற்பம் எப்படி அயல்நாடாகும்? வேறு வழியில்லை என்று துங்கு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகே இருவரும் கையெழுத்திட்டனர். மலேசியத் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் நம் துன் வீ.தி. சம்பந்தனும் ஒருவர். இரு பக்கமும் ஒரு தமிழர் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் சிங்கப்பூரைக் குடியரசாக்கியது. பேராக் மாநிலத்தில் பிறந்த யூசோஃப் இஸ்ஹாக் முதல் அதிபர். ஆனால் வெளியுறவு அமைச்சுக்கென்று எதுவுமே இல்லை. அதுவரை அந்த வேலையை முதலில் பிரிட்டனும் பிறகு கோலாலம்பூரும் பார்த்திருந்தன. தூதர்கள் இல்லை, அனுபவமுள்ள அதிகாரிகள் இல்லை. நகர மண்டபத்தில் சில அறைகளிலிருந்து தொடங்கினார் ராஜரத்தினம். இந்தோனேசியாவின் 'கொன்ஃப்ரொந்தாசி' இன்னும் ஓயவில்லை. குடிக்கும் தண்ணீர் நம் ஜொகூரிலிருந்து போக வேண்டும். 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்கள் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்யப்பட்டிருந்ததுதான் ஆறுதல். செப்டம்பர் 21ஆம் நாள் ஐ.நா.வில் இடம் கிடைத்தது. அதை முன்மொழிந்த நாடுகளில் மலேசியாவும் இருந்தது.

1966இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான உறுதிமொழியை எழுதியவரும் அவர்தான். இனக் கலவரத்தைப் பார்த்த ஊரில் இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றாக நிற்பதை அதில் வைத்தார். 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் பேங்காக்கில் ஆசியான் பிறந்தபோது, பிரிவினை ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பில் கையெழுத்திட்ட துன் அப்துல் ரசாக்குடன் சேர்ந்து கையெழுத்திட்டார்.

ஆசியான் வந்ததும் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. மெக்டோனல்ட் ஹவுஸ் குண்டுவெடிப்பில் மூவரைக் கொன்ற இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்களை 1968 அக்டோபரில் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. மன்னிப்பு கேட்டு அதிபர் சுகார்த்தோ விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. அந்தக் கசப்பு தீர 1973 ஆனது.

அதே 1968இல் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களை மூடப் போவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு ஆபத்து. தொழிலாளர் அமைச்சையும் ராஜரத்தினமே ஏற்றார். முதலீட்டாளர்களை ஈர்க்க விடுமுறையையும் போனஸையும் மிகைநேர வேலையையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர் தொழிலாளியின் கையைக் கட்டினாரே என்று இன்றும் கேட்கலாம். தொழிற்சாலைகள் வந்தன என்பதும் உண்மை. அந்த விலையை முதலில் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள் என்பதும் உண்மை.

1980 வரை 15 ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தார். பிறகு துணைப் பிரதமர், மூத்த அமைச்சர். 1988இல் அரசியலை விட்டார். மறு ஆண்டு பிரோஸ்கா காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்தில் நினைவு மறதி நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 2006 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தார். 91ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.