இரண வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்

ஈழநாட்டிலே தமிழ் வசனநடை வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர் ஆறுமுக நாவலரை முதற்கண் நினைவர், அது முறையே. நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே கடல்கடந்த அமெரிக்காவிற் பிறந்து, அவர் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கே வந்து, தமிழ் வசனத்தை மருத்துவத் துறையிற் செலுத்திய இன்னொருவரும் உளர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். சமய நெறியில் இருவரும் எதிரெதிர் நின்றவர்கள். தமிழ் வசனத்தால் எப்பொருளையும் சொல்லலாம் என்னும் துணிவில் இருவரும் ஒருவழி நின்றவர்கள்.

கிறீன் பிறந்த ஊர் மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர். பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் விரிவுக்கு வித்திட்டவர் எனப் புகழ்பெற்ற அன்று கிறீன் இவருடைய தமையனார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்ற இவர், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிற் சிலகாலம் இருந்து, 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டார். அங்கே நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, இந்நாட்டு இளைஞரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் பயிற்றத் தொடங்கினார்.

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலே. ஆங்கிலங் கற்ற வைத்தியர் உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் செல்வர். குக்கிராமத்து நோயாளிக்கு அவரால் என்ன பயன் என்பது அவர் நெஞ்சை வருத்தியது. ஊரிலே தங்கி ஊரவரோடு வாழும் வைத்தியரே அவர் வேண்டியவர். தம் மாணாக்கர் மேனாட்டு உடை அணிவதைக்கூட அவர் விரும்பவில்லை. ஆகவே 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடத்தத் துணிந்தார். ஆசிரியர் உளர், மாணாக்கர் உளர், பாடநூல்தான் இல்லை. அதனை ஆக்குவதே அவர் வாழ்நாட் பணியாயிற்று.

தமிழ் மாணாக்கரையும் துணைக்கொண்டு அவர் வெளிப்படுத்திய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. அவற்றின் பெயர்களை நோக்குந்தோறும் தமிழாசிரியனாகிய எனக்கு வியப்பு உண்டாகும். 1867இல் வெளிவந்தது இரண வைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன வந்தன. 1875இல் இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் வந்தது. 1883இல் மனுஷ சுகரணம் வந்தது. அங்காதிபாதம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் பாதாதிகேசப் பிரபந்த மரபு நினைவுக்கு வருகின்றதன்றோ? தமிழிலே சொல் இருப்பின் அதனைக் கொண்டார். இல்லாவிடின் வடமொழியை நாடினார். இரண்டும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைத்துக் கொண்டார். கெமிஸ்தம் அவ்வாறு பிறந்த சொல். வடசொல் மிகுந்த நடையென்று இன்று நாம் குறைகூறலாம். ஆயினும் வழியில்லாக் காட்டிலே முதலில் நடந்தவர் அவர்.

இவற்றுள் இரண வைத்தியம் துறூயிற் என்பாருடைய ஆங்கில நூலைத் தழுவியது. அறுவை மருத்துவத்தில் தலைக்காயம் போல வைத்தியனைத் திகைக்க வைப்பது பிறிதில்லை. பனையிலிருந்து விழுவாரும் கிணற்றில் இடறி விழுவாரும் மலிந்த நாடு யாழ்ப்பாணம். அடிபட்டவர் சிறிதுநேரம் மயங்கித் தெளிந்து பேசுவார். அபாயம் நீங்கிற்றென்று வீட்டார் மகிழ்வர். மண்டையோட்டின் கீழே குருதி கசிந்து தேங்கி மூளையை அமுக்க, சில மணிநேரத்தில் மீண்டும் அறிவிழந்து இறப்பார். உரிய வேளையில் ஓட்டைத் துளைத்து அக்குருதியை வெளியேற்றின் பிழைத்தலுங் கூடும். அந்த வேளையை அறிவது எங்ஙனம்? எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதே 1895இல், கிறீன் மறைந்து பதினோராண்டின் பின். நாடித்துடிப்பும், கண்மணியின் நிலையும், வினாவுக்கு நோயாளி தரும் விடையுமே அன்றைய வைத்தியனுக்குக் கருவிகள். விடையை அறிய வேண்டுமாயின் வினா நோயாளிக்கு விளங்கவேண்டும்.

கருவிகள் பெருகிய இக்காலத்தும் இந்நிலை முற்றாக மாறவில்லை. 1974இல் கிளாஸ்கோ நகரத்து ரீஸ்டேல், ஜெனற் என்னும் இருவர் மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். கண் திறத்தலுக்கு 4, சொல்லுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். 8க்கு மேற்படாவிடின் கடுங்காயம். சொல்லுக்குரிய ஐந்தும் பெறவேண்டின், தாம் யார், இருப்பது எவ்விடம், இது எந்த மாதம் என்பவற்றை நோயாளி பிழையின்றிச் சொல்லவேண்டும். 2004இல் முடிவு வெளியான கிராஷ் என்னும் ஆய்விலே 49 நாடுகளைச் சேர்ந்த 10,008 தலைக்காய நோயாளர் சேர்க்கப்பட்டதும் இவ்வளவையைக் கொண்டே. பல்லாண்டுகளாக நன்மருந்தென்று நம்பி வழங்கப்பட்ட ஸ்டீரொயிட் மருந்தைப் பெற்றோருள் நூற்றுக்கு 21 பேர் இரு வாரத்துள் இறந்தனர். பெறாதோருள் 18 பேரே இறந்தனர். அவ்வழக்கம் தவறென்பது அதனால் தெளிந்தது. உலகளாவிய இத்தகைய ஆய்வுக்கும் அடியிலே நிற்பது நோயாளியின் வாய்ச்சொல்.

வெள்ளவத்தையில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். ஊரிலிருந்து அண்மையில் வந்தவர். தமிழன்றி வேறு மொழி அறியார். மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர்கள் தாம் அறிந்த இரு மொழிகளில் வினவினர். அவர் விழித்தபடி வாளா கிடந்தார். அறிவு கலங்கிற்றென எழுதிக்கொண்டனர். மகள் ஓடிவந்து, ஐயா, இது எந்த மாதம் என்று கேட்டாள். மாதத்தோடு திதியையுஞ் சேர்த்துச் சொன்னார் அவர். கிறீன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எதற்காக அத்துணை பாடுபட்டார் என்பது அன்று எனக்கு நன்கு புலனாயிற்று.

1873இல் அவர் தாயகம் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியரை உருவாக்கியிருந்தார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884 மே 28இல் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டிய பெருமகன் அவர். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மானிப்பாயில் உண்டு. ஆனால் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவர் சென்றபின் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. 1978இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த மருத்துவ பீடமும் அவ்வழியே சென்றது.

உலக ஆராய்ச்சியோடு ஒட்டி நடக்க ஆங்கிலம் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. கற்பது எம்மொழியிலாயினும், கட்டிலருகே நின்று கேட்பது நோயாளியின் மொழியிலாதல் வேண்டும். கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் கற்று மருத்துவம் பயிலப் புகும் மாணாக்கர்க்கு நான் கூறுவது இது: கிறீனின் நூல்களை ஒருமுறையேனும் புரட்டிப் பாருங்கள். அவற்றின் கலைச்சொற்கள் பல வழக்கொழிந்தன. அவை கூறும் சிகிச்சைகளும் பழையனவாயின. அவற்றை எழுதுவித்த அக்கறை மட்டும் வழக்கொழியலாகாது.