பயிர் பறிப்பவர்களைக் காட்டிய மர்ரோ
அமெரிக்காவின் வட கரோலினாவில் 1908-இல் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் எட்வர்ட் மர்ரோ. இளம் வயதில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை பார்த்தார். 1940-இல் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது அங்கிருந்தே சி.பி.எஸ். வானொலியில் செய்தி சொல்லிப் புகழ்பெற்றார். செனட்டர் மெக்கார்த்தியின் மிரட்டல் அரசியலை 1954-இல் தொலைக்காட்சியில் அம்பலப்படுத்தினார். உலகம் அவரை நினைப்பது இவற்றுக்காகத்தான்.

ஆனால், நிலமற்றவர்கள் நினைக்க வேண்டியது 1960-இல் வந்த 'வெட்கத்தின் அறுவடை' ஆவணப்படத்தை. தயாரிப்பாளர் டேவிட் லோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது. புளோரிடாவில் விடியற்காலையில் கூலிகள் கூடி நிற்க, ஆள்பிடிப்பவர்கள் கூவிக் கூவி லாரியில் ஏற்றுவதில் படம் தொடங்குகிறது. கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் பிள்ளைகுட்டிகளோடு அறுவடைக்குப் பின்னாலேயே மாநிலம் மாநிலமாக அலைகிறார்கள். நாளெல்லாம் பறித்த ஒரு தாய்க்குக் கிடைத்தது ஒரே ஒரு டாலர். அறுவடைக்கு நன்றி சொல்லி அமெரிக்கர்கள் விருந்துண்ணும் திருநாளுக்கு மறுநாள் இதை ஒளிபரப்பினார்கள். தட்டில் இருந்ததை யார் பறித்தது என்று விருந்துண்டவர்களே பார்த்தார்கள். பண்ணை முதலாளிகள் கொதித்தார்கள்.

1961-இல் கென்னடி அரசின் தகவல் அமைப்புக்குத் தலைவரானார். நாட்டின் பெயரைக் காப்பது இப்போது அவர் வேலை. அதே படத்தை ஒளிபரப்ப வேண்டாம் என்று பிபிசியிடம் அவரே கேட்டார். பதவி படுத்தும் பாடு! பிபிசி இணங்கவில்லை, பிரிட்டிஷ் மக்களும் படத்தைப் பார்த்தார்கள். 1965-இல் நுரையீரல் புற்றுநோயால் மர்ரோ இறந்தார்.