இரு மணம் கண்ட தளபதி

நெப்போலியன் வீழ்ந்த வாட்டர்லூ போரில் ஆங்கிலேயக் குதிரைப்படையை நடத்தியவர் ஹென்றி பேஜெட் பிரபு. 1768-இல் உயர்குடியிற் பிறந்த அவருடைய வீரத்தோடு இல்லறத்தையும் நாம் ஈண்டு நோக்குவோம்.

1795-இல் அவர் ஜெர்ஸி பிரபுவின் புதல்வி கரோலினை மணந்தார். மக்கள் எண்மர் பிறந்தனர். 1808-இல் ஸ்பெயின் நாட்டுச் சஹாகுன் என்னுமிடத்தில் பிரெஞ்சுக் குதிரைப்படையை முறியடித்துப் புகழெய்தினார். மறு ஆண்டே, பிறர் மனைவியான சார்லட் என்னும் மாதுடன் இல்லம் நீங்கினார். அம்மாதும் மக்களைப் பெற்றவரே. அவருடைய கணவர் ஹென்றி வெல்லெஸ்லி, ஸ்ரீரங்கப்பட்டணப் போரிற் பங்குகொண்டு, பின்னாளில் வெல்லிங்டன் கோமகனான ஆர்தரின் இளவல். 1810-இல் மணமுறிவு பெற்று இருவரும் மணந்தனர். கரோலின் ஆர்கைல் கோமகனை மணந்தார்.

இவ்வபவாதத்தின் பயன் யாது? வெல்லிங்டன் ஸ்பெயினில் நடத்திய நெடும்போரில், தேர்ந்த அத்தளபதிக்கு இடமில்லாது போயிற்று. குற்றம் அவருடையது, நஷ்டமோ சேனைக்கும் நேர்ந்தது.

ஆயினும் 1815 ஜூன் 18-இல், தம் தம்பியின் குடும்பத்தைக் கலைத்தவருடனேயே வெல்லிங்டன் களத்தில் நின்றார். போர் முடியுந்தறுவாயில் குண்டு பட்டுப் பேஜெட்டின் வலக்கால் சிதைந்தது. மயக்கமருந்து அறியாத அக்காலத்தில், காலை அறுத்தெடுத்தபோது அவர் கலங்கினாரில்லை. ஆங்கிள்சி மார்க்குவிஸ் பட்டம் பெற்றார். பின்னர் மரக்காலுடன் இருமுறை அயர்லாந்தை ஆண்டு, கத்தோலிக்கர் உரிமையை ஆதரித்தார். சார்லட் 1853-இலும் அவர் 1854-இலும் மறைந்தனர்.

காலிழந்த தளபதிக்கு ஆங்கிள்சி தீவில் நினைவுத்தூண் உண்டு. அதனை எண்ணுங்கால், இரு வீடுகளிலும் பெற்றோர் பிரிவால் வருந்திய மக்களையும் நாம் எண்ணுதல் தகும்.