வைத்தியர் ஹால்வெல்: நீதிபதியும் சாட்சியும்

வெள்ளையர் ஒருவர் எமது சமயத்தைப் புகழ்ந்தார் என்றால் நாம் பூரித்துப் போகின்றோம். அவ்வாறு புகழ்ந்தவருள் காலத்தால் முந்தியவர்களில் ஒருவர் ஜோன் செபனையா ஹால்வெல். 1711இல் டப்ளின் நகரிற் பிறந்து, இலண்டனில் வைத்தியம் பயின்று, 1732இல் இந்தியா வந்தவர்.

கல்கத்தாவிலே கும்பனியாரின் வைத்தியராயிருந்த அவர், 1752இல் அந்நகரின் சமீன்தார் ஆனார். அப்பெயர் கேட்டுப் பெருநிலக்கிழார் என எண்ணலாகாது. வரி தண்டுதலும், கச்சேரியில் அமர்ந்து சுதேசிகளின் வழக்குகளை விசாரித்துத் தண்டித்தலும் அப்பதவியின் கடமைகள். வரி வாங்குபவரே நீதிபதியுமானால் குடிகள் எங்கே சென்று முறையிடுவது? ஹால்வெலோ, அக்கச்சேரியில் நெடுங்காலம் கோலோச்சிய கோவிந்தராம் மித்திரர் மீது மோசடிக் குற்றஞ்சாட்டிக் கணக்குகளைக் கிளறினார்; கும்பனியின் வருவாய் பெருகிற்று.

1756இல் நவாப் சிராஜ் உத்தௌலா கோட்டையை முற்றுகையிட்டபோது ஆளுநர் டிரேக் கப்பலேறித் தப்பினார். வைத்தியரே தலைமை ஏற்றார். கோட்டை வீழ்ந்த ஜூன் 20ஆம் நாளிரவு சிற்றறை ஒன்றில் 146 பேர் அடைபட்டு 23 பேரே பிழைத்தனர் என்று பின்பு எழுதினார். இதுவே புகழ்பெற்ற இருட்டறைக் கதை. அடைபட்டோர் 64 பேரளவே என்பது பிற்கால ஆய்வாளர் பிரிஜேன் குப்தாவின் கணிப்பு.

எண்ணிக்கையிலே தடுமாற்றம் என்று இதனை விட்டுவிடலாம்; அடுத்ததை அவ்வாறு விடமுடியாது. 1760இற் சில மாதம் ஆளுநராயிருந்த அவர், நவாப் மீர் ஜாபர் பலரைக் கொல்வித்தார் எனப் பெயர் குறித்து எழுதினார். 1766இல் கிளைவும் சபையாரும் ஆராய்ந்தபோது, அவர்களுள் இருவரொழிய ஏனையோர் உயிருடன் இருந்தனர்! நீதிபதியாய் அமர்ந்தவரின் சாட்சியம் இது.

வைத்தியராக எழுதியது வேறு. பிராமணர் ஊரூராய்ச் சென்று அம்மைப்பால் குத்திய முறையை 1767இல் நூலாக்கினார்; ஜென்னரின் பசு அம்மைச் சோதனைக்கு 29 ஆண்டுகள் முன்னர். 1731இல் வேறோர் ஆங்கிலேயர் எழுதியதும் அதனை ஒத்திருப்பதால் நம்பலாம்.

இனி அவரது புகழுரை. மறுபிறப்பை ஏற்றார், புலாலை வெறுத்தார், இந்து சமயத்தின் தொன்மையைப் போற்றினார், வோல்ட்டேரும் அவரைப் படித்து எடுத்தாண்டார். ஆனால் சாத்திரம் என்று அவர் பெயர்த்துக் காட்டிய நூல் எதுவென்று எவரும் கண்டிலர். மீர் ஜாபர் வழக்கில் நாம் தள்ளும் சாட்சியை, எம்மைப் புகழும் வழக்கில் மட்டும் ஏற்பது முறையோ?

1795இற் கும்பனிப் படை எமது திருக்கோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியபோதும் அவர் இங்கிலாந்தில் வாழ்ந்திருந்தார். 1798 நவம்பரில், 87ஆவது வயதிற் காலமானார்.