சேற்றில் சில்லு பிடிக்க ஒரு வாழ்நாள்: ஹரி பெர்குசன்

கந்தப்பளையில் மழை விட்ட காலையில், கொழுந்து மூட்டைகளோடு ட்ரக்டர் ஒன்று தோட்டத்து மண்பாதையில் ஏறினால், என் கண் முதலில் போவது அதன் பின் டயருக்குத்தான். இந்தப் பழக்கம் வன்னியில் வந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2008 கார்த்திகை மழையில் தருமபுரம் பக்கம் இடம்பெயர்ந்தபோது எங்கள் ட்ரக்டர் பெட்டியோடு சேற்றில் புதைந்தது. டயரின் பற்கள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தன. புது டயருக்கு வழியில்லாத காலம். அம்மம்மாவையும் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, தென்னோலையும் கல்லும் போட்டுத் தள்ளி எடுத்தோம்.

அந்த ட்ரக்டரின் முகப்பில் மசி பெர்குசன் என்று எழுதியிருந்தது. பெர்குசன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. சில்லு ஏன் வழுக்குகிறது என்ற கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஹரி பெர்குசன் 1884 நவம்பர் 4ஆம் திகதி, இன்றைய வட அயர்லாந்தின் டிரோமோர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வயல்வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெல்பாஸ்டில் அண்ணனின் கராஜில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் அவர்தான்.

ஆனால் யுத்தம் அவரை மண்ணுக்கே திருப்பி அழைத்தது. முதலாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல் அயர்லாந்தில் ட்ரக்டர்களின் வேலையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். பாரமான ட்ரக்டர் ஈரமண்ணில் புதைந்தது, மண்ணையும் இறுக்கியது. பாரம் குறைந்ததோ வழுக்கியது. பின்னால் கட்டி இழுத்த கலப்பை கல்லில் மாட்டினால் ட்ரக்டரின் முன்பக்கம் எழும்பி, சாரதியின் மேலேயே கவிழ்ந்தது.

பிடிமானம் வேண்டுமென்றால் இரும்பைக் கூட்டு என்பதே அன்றைய வழக்கம். பெர்குசன் வேறு வழி தேடினார். மேலே ஒன்று, கீழே இரண்டு என மூன்று தண்டுகளால் கலப்பையை ட்ரக்டரோடு ஒரே உடம்பாக்கினார். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுவையும் பின் சில்லை அழுத்தின. மேல் தண்டு முன்னோக்கித் தள்ளியதால் முன்பக்கம் எழும்பவில்லை. எதிர்த்து நிற்கும் மண்ணையே பிடிமானத்துக்கு உதவ வைத்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

1938இல் ஹென்றி போர்டுடன் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார். எழுத்தில் எதுவும் இல்லை. பேரன் காலத்தில் அந்த ஒப்பந்தம் முறிந்து, வழக்கு நடந்து, 1952இல் 92½ இலட்சம் டொலருக்கு முடிந்தது. இதற்கிடையில் 1946இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் அவருடைய டி.ஈ.20 வெளிவரத் தொடங்கியது. சுமார் 1.1 தொன் பாரமுள்ள அந்தச் சின்ன ட்ரக்டர், 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. 1953இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸோடு இணைந்தது. மசி பெர்குசன் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

பனியிலும் அந்த ட்ரக்டர் போனது. எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4ஆம் திகதி தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் ட்ரக்டர்களில்தான். அங்கே டயர் போதவில்லை. முன் சில்லையும் பின் சில்லையும் சுற்றிச் சங்கிலிப் பட்டி மாட்டி, பாரத்தைப் பனியின் மேல் பரப்பினார்கள்.

கந்தப்பளையில் நாம் அவருடைய ட்ரக்டரால் உழுவதைவிடப் பெட்டி இழுப்பதே அதிகம். பெட்டி இழுக்கும்போது கலப்பை தரும் அழுத்தம் கிடையாது. பிடிமானம் டயரையும் நாம் பாரம் ஏற்றும் விதத்தையும் நம்பித்தான் இருக்கிறது.

வன்னி வயலுக்குப் பொருந்தும் ஆழப்பல் டயர், இங்கே தார் றோட்டில் சீக்கிரம் தேயும். தார், மண் இரண்டிலும் ஓட வழமையான பல்லுள்ள டயரே பொருத்தம். பூட்டிய பின் பின்னால் நின்று பாருங்கள்: பற்களின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் சேறு இருபுறமும் பிதுங்கி வெளியேறும், மாற்றிப் பூட்டினால் அப்பிக்கொள்ளும். டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினாலும் பிடிமானம் கூடும். ஒற்றை அச்சுப் பெட்டியில் மூட்டைகளைப் பின்முனையில் குவித்தால், கொளுக்கி மேலெழும்பி ட்ரக்டரின் பின் சில்லைத் தூக்கிவிடும். எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினாலோ முன் சில்லு இலேசாகி, ஸ்டியரிங் கேட்காது.

பெர்குசன் 1960 ஒக்டோபர் 25 அன்று இறந்தார். கடைசிக் காலத்தில் நான்கு சில்லுக்கும் விசை கொடுக்கும் கார்களில் உழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வில் உருவான காரை ஓட்டி ஸ்டேர்லிங் மொஸ் 1961இல் ஓல்டன் பார்க்கில் வென்றார். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றும் மழை நாளில், கொழுந்து மூட்டைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்து வருவதைப் பார்க்கிறேன். தருமபுரத்தில் எங்களை நிறுத்தியது சமதரைச் சேறு. இறங்கித் தள்ள முடிந்தது. இங்கே பாதையின் ஒரு பக்கம் பள்ளம். சில்லு வழுக்கினால் இறங்க நேரம் இருக்காது. வழுக்கை டயரை மாற்றும்படி தோட்டத்தில் கேட்பது சலுகை அல்ல. மூட்டை மேல் ஆளை ஏற்றாமல் இருக்க அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.