துணிவின் விலை

1943ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வெடிச்சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. நங்கூரமிட்டு நின்ற ஜப்பானியக் கப்பல்களுள் சில மூழ்கின, சில பெருஞ்சேதமடைந்தன. வானில் எதிரி விமானம் இல்லை. கடலில் எதிரிக் கப்பலும் இல்லை. இது யார் செய்த வேலை என்று ஜப்பானியருக்குப் புரியவில்லை. இத்தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் மேஜர் ஐவன் லயன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி.

ஐவன் லயன் 1915ஆம் ஆண்டு பிறந்தார். போருக்கு முன்பே சிங்கப்பூரில் பணியாற்றினார். பாய்மரப் படகில் கடலில் செல்வதில் அவருக்கு அளவில்லாத விருப்பம். நெஞ்சில் புலித்தலையைப் பச்சை குத்தியிருந்தார். பிரெஞ்சுப் பெண்ணான கேப்ரியேலை மணந்தார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து தப்பியவர்கள் சுமத்ரா வழியாகச் செல்ல லயன் உதவினார். பிறகு, பாடாங்கிலிருந்து சிறிய பாய்மரப் படகொன்றில் தோழர்களுடன் புறப்பட்டார். ஒரு மாதத்திற்கும் மேலாக இந்தியப் பெருங்கடலில் தத்தளித்த அவர்களை, இலங்கைக்கு அருகே ஒரு கப்பல் மீட்டது. லயன் உயிர் பிழைத்தார். ஆனால், அவரைக் காண இந்தியாவுக்குப் புறப்பட்ட மனைவியும் மகனும் வழியில் ஜெர்மானியரிடம் சிக்கினர். பின்னர் அவர்கள் ஜப்பானில் சிறைவைக்கப்பட்டனர்.

சிங்கப்பூருக்குத் திரும்பிச் சென்று எதிரியைத் தாக்க வேண்டும் என்பதில் லயன் உறுதியாக இருந்தார். அதற்கு ஒரு பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகு கிடைத்தது. அதற்குக் ‘கிரைட்’ என்று பெயரிட்டனர். கிரைட் என்பது கட்டுவிரியன் பாம்பின் ஆங்கிலப் பெயர். 1943 செப்டம்பர் 2ஆம் தேதி, பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியருமாகிய 14 பேர் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அப்படகில் புறப்பட்டனர். உடலில் பழுப்புச் சாயம் பூசி, சாரோங் உடுத்தி, ஜப்பானியக் கொடியை ஏற்றி, மீனவரைப்போல் பகைவரின் கடலுக்குள் நுழைந்தனர்.

சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள தீவுகளை அடைந்ததும் ஆறு பேர் மட்டும் இறங்கினர். மூன்று மடக்குப் படகுகளில், பகலில் ஒளிந்தும் இரவில் துடுப்புப் போட்டும் முன்னேறினர். செப்டம்பர் 26ஆம் தேதி இரவு கப்பல்களை நெருங்கி, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளை அவற்றின் அடிப்பகுதியில் பொருத்தினர். லயன் வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே இருந்த சாளரத்திலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். சற்று நேரம் உற்றுப் பார்த்தவன், தலையை உள்ளே இழுத்து விளக்கை ஏற்றினான். அபாயக் குரல் எதுவும் எழவில்லை. பதினான்கு பேரும் 48 நாள் பயணத்தை முடித்து, ஓர் உயிரையும் இழக்காமல் திரும்பினர்.

நேச நாட்டினர் இந்த வெற்றியை இரகசியமாகவே வைத்திருந்தனர். ஜப்பானியரோ, சிங்கப்பூருக்குள் இருப்பவர்களே சாங்கிச் சிறையில் உள்ளவர்களின் துணையோடு கப்பல்களைத் தகர்த்தனர் என்று நம்பினர். அக்டோபர் 10ஆம் தேதி, கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல்படை சாங்கிச் சிறைக்குள் புகுந்து தேடியது. அந்தத் தேடலைத் தொடர்ந்து 57 பேர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர். அவர்களுள் 15 பேர் இறந்தனர். சிறையிலிருந்தவர்களுக்கு உதவிவந்த எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் துன்புறுத்தப்பட்டார். இவர்களுள் எவருக்கும் கப்பல்கள் வெடித்த காரணம் தெரியாது. தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளும்படி அவர்கள் வதைக்கப்பட்டார்கள்.

1944ஆம் ஆண்டு லயன் 23 பேர் கொண்ட குழுவுடன் மீண்டும் சிங்கப்பூரைத் தாக்கப் புறப்பட்டார். இம்முறை, தாக்குதலுக்குமுன் ஒரு சுற்றுக்காவல் படகு அவர்களைக் கண்டுவிட்டது. இரகசியம் எதிரியின் கையில் சிக்காதிருக்கத் தங்கள் படகை மூழ்கடித்துவிட்டுத் தீவுகளுக்குப் பிரிந்து சென்றனர். அக்டோபர் 16ஆம் தேதி, சோரே தீவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட லயன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 29. அக்குழுவில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சிறைப்பட்ட பத்துப் பேரின் தலைகள், ஜப்பான் சரணடைவதற்குச் சில வாரங்களுக்கு முன் சிங்கப்பூரில் வெட்டப்பட்டன. லயனின் மனைவியும் மகனும் மட்டும் போர்முடிவில் விடுதலை பெற்றனர்.

இன்று கிரைட் படகு சிட்னியிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. லயனின் கல்லறை கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் இருக்கிறது. அவருடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர்கள் படகில் சென்றவர்கள் மட்டுமல்லர். எதுவும் அறியாமலே சித்திரவதையில் உயிர்விட்டவர்களும் அந்த வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.