கழன்று ஓடும் வண்டிக்கு பிரேக் போடுவது யார்? 1872-லேயே விடை சொன்ன ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்!

அமெரிக்காவில் லீவு விட்டால் போதும், காருக்குப் பின்னால் சின்னதாக ஒரு கேம்பர் வண்டியை மாட்டிக்கொண்டு பல குடும்பங்கள் கிளம்பிவிடும். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள நடமாடும் வீடு அது. சரி, நெடுஞ்சாலையில் போகும்போது கொக்கி கழன்றுவிட்டால்? டிரைவர் காரில் இருக்கிறார். பின்னால் தனியாக ஓடும் ஒரு டன் எடைக்கு யார் பிரேக் போடுவது?

கார் வருவதற்கு முன்பே, ரயிலுக்காக இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

யார் இவர்?

1846 அக்டோபர் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பையன் வளர்ந்ததே இரும்புச் சத்தத்துக்கு நடுவில்தான். உள்நாட்டுப் போரில் ராணுவம், கடற்படை என இரண்டிலும் இருந்துவிட்டு வந்தவருக்கு கல்லூரி ஒட்டவில்லை. சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார். 19 வயதில் முதல் காப்புரிமை வாங்கினார்.

திருப்பிப் போட்ட விபத்து

1866-ல் அவர் போன ரயில் பாதை வழியில் நின்றுவிட்டது. காரணம், முன்னால் இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதியிருந்தன. டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் நிறுத்த நேரம் இல்லை.

அன்றைய ரயிலில் பிரேக் என்பது ஆட்கள்தான். இன்ஜின் விசில் அடித்ததும் பிரேக்மேன்கள் ஒவ்வொரு பெட்டியாக ஓடி, கையால் சக்கரத்தைத் திருகி பிரேக் போட வேண்டும். சரக்கு ரயில் என்றால் கூரை மேல் ஓட வேண்டும். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

பிரான்ஸ் - இத்தாலி இடையே மலையைக் குடையும் எந்திரங்கள் அழுத்தப்பட்ட காற்றில் ஓடுகின்றன என்று ஒரு பத்திரிகையில் படித்தார். காற்று மலையையே துளைக்கும் என்றால் ரயிலை நிறுத்தாதா? 1869-ல், 22 வயதில், ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார்.

தன் தப்பைத் தானே திருத்தியவர்

பிரேக் நன்றாக விற்றது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. இன்ஜினிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால், பெட்டி கழன்றால் பிரேக்கே கிடையாது. அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும்.

1872-ல் அதை அப்படியே தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டியின் தொட்டிக் காற்றே பிரேக்கை அழுத்திவிடும். கப்ளிங் பிய்ந்தால் இரண்டு பாதியும் தானாக நிற்கும். நம்ம ஊர் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இந்தக் கணக்குப்படிதான். சங்கிலி குழாய்க் காற்றைத் திறந்துவிடுகிறது.

1893-ல் ரயில்களுக்கு இத்தகைய பிரேக்கைக் கட்டாயமாக்கி அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது.

கேம்பரில் இது எங்கே?

கேம்பரில் காற்றுக்குப் பதில் மின்சாரம். கார் டிரைவர் பிரேக்கை மிதித்ததும் கேம்பரின் சக்கரத்தில் உள்ள மின்காந்தத்துக்குக் கரன்ட் போகும். காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டி இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோல் வழியாக பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும்.

ஆனால் வயர் அறுந்தால்? கரன்ட் இல்லை, பிரேக்கும் இல்லை. வெஸ்டிங்ஹவுஸின் 1869 பிரேக்கில் இருந்த அதே ஓட்டை! அதனால்தான் கேம்பரிலேயே தனியாக ஒரு பேட்டரியும் ஒரு சுவிட்சும் வைக்கிறார்கள். சுவிட்சில் செருகிய பின்னை ஒரு மெல்லிய கேபிள் காரோடு இணைக்கும். கொக்கியும் பாதுகாப்புச் சங்கிலியும் கழன்றால் கேபிள் பின்னைப் பிடுங்கிவிடும். உடனே பேட்டரி கரன்ட்டில் பிரேக் பிடிக்கும். பெட்டிக்கு ஒரு காற்றுத் தொட்டி போல, கேம்பருக்கு ஒரு பேட்டரி.

கடைசிக் காலம்

மின்சாரத்திலும் வெஸ்டிங்ஹவுஸ் பெரிய ஆள்தான். எடிசனின் நேர்மின்சாரத்தை எதிர்த்து மாறுமின்சாரத்தை முன்னிறுத்தி ஜெயித்தார். நயாகரா அருவி மின்நிலையத்துக்கு எந்திரங்கள் கொடுத்ததும் இவர் கம்பெனிதான். ஆனால் 1907 நிதி நெருக்கடியில் அந்த மின் கம்பெனியே கைவிட்டுப் போனது. 1914 மார்ச் 12 அன்று காலமானார்.

கேம்பர் இழுப்பவர்கள் கிளம்பும் முன் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும். அந்தச் சின்ன பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, கேபிள் காரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பேட்டரி செத்துக் கிடந்தால், கழன்ற வண்டியை நிறுத்த எதுவும் இல்லை.